நூல் வெளியீட்டில் நூலுக்கு எத்தனை நிமிடம்?



உங்கள் வீட்டில் நூல் வெளியீட்டு விழா அழைப்பிதழ் ஏதாவது கிடந்தால் கையில் எடுத்து வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். புலனத்தில் வந்த படமாக இருந்தாலும் சரி. ஒரு கவிதையைப் படிப்பதுபோல அந்த அழைப்பிதழை வரி வரியாகப் படித்துப் பாருங்கள். பெரிய எழுத்தில் இருப்பது யார் பெயர்? நூலாசிரியர் பெயரா, திறப்புரை ஆற்ற வரும் டத்தோவின் பெயரா? யாருக்குப் படம் போட்டிருக்கிறார்கள்? நூல் சிறுகதைத் தொகுப்பா, நாவலா, கட்டுரையா என்பது எங்காவது எழுதியிருக்கிறதா? பல அழைப்பிதழ்களில் அட்டைப்படத்தை உற்றுப் பார்த்துத்தான் அதைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

அடுத்து நிகழ்ச்சி நிரலுக்கு வாருங்கள். இறைவாழ்த்து, தமிழ் வாழ்த்து, குத்துவிளக்கு ஏற்றுதல், வரவேற்பு நடனம், வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை ஒன்று, வாழ்த்துரை இரண்டு, நூலாய்வு, சிறப்புரை, நூல் வெளியீடு, முதல் நூல் பெறுதல், சிறப்பு நூல்கள் பெறுதல், ஏற்புரை, நன்றியுரை, விருந்து. இத்தனை உரைகளில் நூலைப் படித்துவிட்டுத்தான் பேச முடியும் என்ற நிலை ஒன்றே ஒன்றுக்குத்தான்: நூலாய்வு. மற்ற எல்லா உரைகளையும் நூலைத் திறக்காமலே ஆற்றிவிடலாம். ஆற்றியும் விடுகிறார்கள். "நூலை இன்னும் முழுசா படிக்கல, ஆனா ஆசிரியரை எனக்கு 30 வருசமாத் தெரியும்" என்ற வாக்கியத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள். கைத்தட்டலும் கிடைக்கும்.

நூலாய்வுக்கு 15 நிமிடம் என்று நிரலில் இருக்கும். டத்தோ தாமதமாக வருவார். அவருக்கு இன்னொரு நிகழ்ச்சியும் இருக்கும். ஆகவே அவர் உரை முன்னே வரும், நூலாய்வு பின்னே போகும். அறிவிப்பாளர் மேடைக்குப் பக்கத்தில் வந்து நிற்பார். ஆய்வாளர் கையில் இருக்கும் எட்டுப் பக்கக் கட்டுரையில் ஐந்து பக்கத்தைத் தாவிவிட்டு, "நேரம் கருதி முடித்துக்கொள்கிறேன்" என்பார். அந்த எட்டுப் பக்கத்தை எழுத அவர் இரண்டு வாரம் உழைத்திருப்பார். பெரும்பாலும் அவர் நம்மைப் போன்ற ஓர் ஆசிரியராகத்தான் இருப்பார்.

இதைக் கேலி செய்வது சுலபம். ஆனால் திறனாய்வு கேலியோடு நின்றுவிடக்கூடாது. இந்த வடிவம் ஏன் இப்படி அமைந்தது என்று கேட்டால், காரணம் இருக்கிறது. அது வலுவான காரணமும்கூட. மலேசியத் தமிழ் நூலுக்கு விநியோக வழி இல்லை. எழுத்தாளர் தன் சேமிப்பைப் போட்டு 500 படி அச்சடித்தால், அதை யார் விற்பார்கள்? நம் ஊர்த் தமிழ்ப் புத்தகக் கடைகளுக்கு வாடகை கட்டித் தருவது பயிற்சிப் புத்தகம், அகராதி, நாள்காட்டி, பக்திப் பாடல் நூல் ஆகியவைதான். அங்கே உள்நாட்டு நாவல் ஒன்று மூலையில் இருக்கும், இருந்தால். எனவே வெளியீட்டு விழாதான் கடை. 200 பேர் வந்து, ஆளுக்கு 50 வெள்ளியை உறையில் வைத்துக் கொடுத்து ஒரு படி வாங்கினால் 10,000 வெள்ளி. முதல் நூல் பெறுபவர் அதற்கு மேலே கொடுப்பார். அச்சுக்கூலி தீர்ந்தது, மண்டப வாடகை தீர்ந்தது, கொஞ்சம் மிச்சமும் இருக்கலாம். கல்யாண மொய் மாதிரிதான். இன்று நான் உன் நூலுக்கு, நாளை நீ என் நூலுக்கு. இந்த ஏற்பாடு இல்லையென்றால் நம் நாட்டில் கடந்த பல பத்தாண்டுகளில் வந்த எத்தனையோ நூல்கள் கையெழுத்துப் படியாகவே அலமாரியில் கிடந்திருக்கும். பட்டு உடுத்தி, பேரப்பிள்ளைகள் சூழ, எழுபது வயதில் முதல் தொகுப்பை வெளியிடும் ஒரு முன்னாள் தோட்டப் பள்ளி ஆசிரியரின் அந்த ஒரு நாளை மறுத்துப் பேச எனக்கு மனம் வராது.

என் குறை வேறு. அந்த விழா நூலை விற்கிறது, வாசகரை உண்டாக்கவில்லை. உறை கொடுத்தவர் ஆசிரியருக்காகக் கொடுத்தார். நூல் அவர் காரின் பின்னிருக்கையில் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல் ஒரு மாதம் கிடக்கும். ஆசிரியருக்கோ, 200 படி போயிற்று என்று தெரியுமே தவிர, 20 பேராவது படித்தார்களா என்று தெரியாது. அடுத்த நூலை எழுதும்போது அவர் எதைத் திருத்திக்கொள்வார்? யார் சொன்னதை வைத்து?

"பாராட்டுவது நம் மரபு" என்று சிலர் சொல்வார்கள். மரபைப் பார்ப்போமா? நம்மிடம் இதற்குப் பழைய பெயரே இருக்கிறது, அரங்கேற்றம். தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அரங்கேறியது என்று பனம்பாரனாரின் பாயிரம் சொல்கிறது. அங்கே முன்வரிசையில் அமர்ந்திருந்தவர் மாலை போட வந்த பிரமுகர் அல்லர். அதங்கோட்டாசான் என்னும் ஆசிரியர். குற்றம் நீங்க அவருக்குத் தெரிவித்த பிறகுதான் நூல் நிலைபெற்றது. நச்சினார்க்கினியர் இதற்கு ஒரு கதையே சொல்கிறார்: அகத்தியர் சினந்து, தொல்காப்பியன் நூலைக் கேட்காதே என்று அதங்கோட்டாசானிடம் கூற, அவரோ நூலைக் கேட்டுக் குற்றம் சொல்கிறேன் என்று ஒத்துக்கொண்டு, அவையில் குற்றம் சொல்லச் சொல்ல, தொல்காப்பியர் ஒவ்வொன்றுக்கும் விடை கூறினாராம். கதை உண்மையோ இல்லையோ, அரங்கேற்றம் என்றால் என்ன நடக்க வேண்டும் என்று உரையாசிரியர் நினைத்தார் என்பது அதில் தெரிகிறது. கம்பர் திருவரங்கத்தில் அரங்கேற்றியபோது இரணியன் வதைப் படலம் வான்மீகத்தில் இல்லையே என்று தடை எழுந்ததாகச் சொல்லும் மரபுக் கதையையும் நீங்கள் கேட்டிருப்பீர்கள். அந்தத் தடையைக் கவனியுங்கள். "கம்பருக்கு மொழிவளம் போதாது" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லவில்லை. இன்ன படலம், மூலத்தில் இல்லை, ஏன் சேர்த்தாய்? நூலைப் படித்தவன்தான் இப்படிக் கேட்க முடியும்.

ஆக, குறை கேட்பதும் விடை சொல்வதும் மேலைநாட்டிலிருந்து இறக்குமதியான பழக்கம் இல்லை. நாமே மறந்த பழக்கம்.

இதில் தேர்வு மாணவருக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். இருக்கிறது. இலக்கியப் பாட விடைத்தாள்களில் ஒரு குறிப்பிட்ட மொழி வருகிறது: "இந்நாவல் சமுதாயத்திற்கு ஒரு கலங்கரை விளக்கம்." "ஆசிரியர் தமது எழுத்தாற்றலால் வாசகர் நெஞ்சங்களைக் கொள்ளைகொள்கிறார்." "இக்கதையின் நடை எளிமையாகவும் இனிமையாகவும் ஆற்றொழுக்காகவும் உள்ளது." இவை எந்த நூலுக்கும் பொருந்தும். நூலின் பெயரை மாற்றிப் போட்டாலும் வாக்கியம் அசையாது. இது எங்கிருந்து வந்தது? வாழ்த்துரையிலிருந்து வந்தது. அணிந்துரையிலிருந்து வந்தது. நம் பிள்ளைகள் காதால் கேட்ட, கண்ணால் பார்த்த ஒரே இலக்கியப் பேச்சு அதுதான். நூலைப் பற்றிப் பேசுவது என்றால் புகழ்வது என்று அவர்கள் நினைத்துக்கொண்டால் தப்பு அவர்களுடையதா? பள்ளிப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு போய் நாற்காலியை நிரப்ப உட்கார வைத்தது நாம்தானே.

சரி, வேறு மாதிரி நூல் பேச்சு எங்கே நடக்கிறது? சில புத்தகக் கடைகளில் நடக்கிறது. பெரிய பேரங்காடிச் சங்கிலிக் கடைகளைச் சொல்லவில்லை. தனி ஒருவரோ இரண்டு மூன்று பேரோ நடத்தும் சிறு கடைகள். கோலாலம்பூர் பங்சாரில் 1999-இல் தொடங்கிய சில்வர்ஃபிஷ் புக்ஸ் ஒன்று. கடையாக மட்டும் இல்லாமல் மலேசியர்களின் ஆங்கிலக் கதைகளைத் தொகுத்து வெளியிடும் பதிப்பகமாகவும் அது இருந்தது. பெட்டாலிங் ஜெயாவின் கெராக்புடாயா இன்னொன்று. வரலாறு, அரசியல், சமூகவியல் நூல்களுக்குப் பெயர்பெற்றது. சிங்கப்பூரில் 2005-இல் தொடங்கிய புக்ஸ்ஆக்சுவலி தியோங் பாரு வட்டாரத்தில் பல ஆண்டுகள் இருந்தது. சென்னை கே.கே. நகரில் டிஸ்கவரி புக் பேலஸ் தமிழ் நூல்களுக்கென்றே இருக்கும் கடை; அங்கே புத்தக அடுக்குகளுக்குப் பக்கத்திலேயே வெளியீடும் வாசகர் சந்திப்பும் அடிக்கடி நடக்கும். விடுமுறைக்குச் சென்னை போனால் துணிக்கடைக்கு நடுவே ஒரு மாலையை அங்கே ஒதுக்குங்கள்.

இப்படிப்பட்ட கடையில் நடக்கும் எழுத்தாளர் சந்திப்புக்கு ஓர் எளிய அமைப்பு உண்டு. மடக்கு நாற்காலி இருபது முப்பது. ஆசிரியரும் அவரிடம் கேள்வி கேட்கும் ஒருவரும் எதிரெதிரே. ஆசிரியர் ஒரு பகுதியை வாசிப்பார். அரை மணி உரையாடல், அரை மணி கேள்வி. பிறகு கல்லாவில் போய் நூலை வாங்கிக் கையொப்பம் பெறலாம், வாங்காமலும் போகலாம். யாருக்கும் மாலை கிடையாது, மேடை கிடையாது, அதனால் மேடையில் யார் பக்கத்தில் யார் உட்கார்வது என்ற சண்டையும் கிடையாது. அந்த மேடை இல்லாத தன்மைதான் பாதி வேலையைச் செய்கிறது என்று நினைக்கிறேன். எழுத்தாளர் நம் உயரத்தில் உட்கார்ந்திருந்தால், "ஐயா, அந்த ஏழாவது அத்தியாயம் எனக்குப் புரியல" என்று சொல்ல வாய் வரும். ஆறடி உயர மேடையில் பொன்னாடையோடு உட்கார்ந்திருப்பவரிடம் வராது.

நேர அளவையும் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய முழுவதும் நூலைச் சுற்றியே போகிறது. நம் மண்டப விழாவில் மூன்று மணி நேரத்தில் நூலுக்குக் கிடைப்பது ஏழு நிமிடம்.

ஆனால் இதையும் ஒரேயடியாகத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டாம். கடைச் சந்திப்புக்கும் நோய்கள் உண்டு. கேள்வி கேட்பவர் ஆசிரியரின் நெருங்கிய நண்பராக இருப்பார். இருவரும் தங்களுக்குள் சிரித்துக்கொள்ளும் நகைச்சுவை நமக்குப் புரியாது. வந்திருக்கும் 20 பேரில் 15 பேர் எழுதுகிறவர்கள். அவர்களுடைய சந்திப்புக்கு மற்ற 15 பேர் வருவார்கள். இதுவும் ஒரு வகை மொய்தான், உறை மட்டும் இல்லை. பேச்சு பெரும்பாலும் ஆசிரியரின் வாழ்க்கையைப் பற்றிப் போய்விடுகிறது: எத்தனை மணிக்கு எழுதுவீர்கள், கையால் எழுதுவீர்களா கணினியிலா, உங்கள் அப்பா என்ன சொன்னார். சந்திப்புக்குப் போய் வந்தாலே நூலைப் படித்த மாதிரி ஒரு நிறைவும் வந்துவிடுகிறது. கடைக்காரர் பாடு அதைவிட மோசம். கூட்டம் நாற்காலி நிறைய இருக்கும், கல்லாவில் நாலு படி போயிருக்கும். கடை வைத்துக்கொள்ளும் கழிவு பொதுவாக விலையில் 30 முதல் 40 விழுக்காடு. நாலு படியில் அன்றைய குளிர்சாதன மின்சாரமாவது தேறுமா? புக்ஸ்ஆக்சுவலி 2020-இல் கடையை மூடிவிட்டு இணைய விற்பனைக்குப் போனது. பேச்சுக்குப் பெயர்பெற்ற கடைக்கே அந்த நிலை.

நமக்கு இன்னொரு குறையும் இருக்கிறது, சொல்லித்தான் ஆகவேண்டும். மேலே சொன்ன உள்நாட்டுக் கடைகளில் ஆங்கிலமும் மலாயும் பேசும் நூல்களுக்குத்தான் நாற்காலி போடப்படுகிறது. அந்த மூலையில் தமிழ் நூல் உட்கார்வது அபூர்வம். நாம் கேட்கவில்லை என்பதும் ஒரு காரணம்.

இனி கேள்வி நேரத்துக்கு வருவோம். எழுத்தாளர் சந்திப்பின் உயிர் அங்கேதான் இருக்கிறது. மாணவர்கள் கற்றுக்கொள்ள வேண்டியதும் அங்கேதான். அதை ஆராய நமக்குப் புதுக் கருவி எதுவும் தேவையில்லை. நன்னூலில் பவணந்தியார் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் பிரித்து வைத்திருக்கிறார். இலக்கண வகுப்பில் மனப்பாடம் செய்து, எடுத்துக்காட்டு எழுதி, மதிப்பெண் வாங்கி, மறந்துவிட்ட பகுதி. ஒரு சந்திப்புக்குப் போய் உட்கார்ந்து, எழும் ஒவ்வொரு கேள்வியையும் எந்த வகை என்று குறித்துப் பாருங்கள். இலக்கணம் திடீரென்று உயிர் பெற்று எழும்.

அதிகம் வருவது அறிவினாதான். விடை தெரிந்தே கேட்பது. வகுப்பில் ஆசிரியர் மாணவரிடம் கேட்பதற்கு அது சரி. கூட்டத்தில் அது எழுந்து நின்று மூன்று நிமிடம் பேசும். "மார்க்சிய நோக்கிலும் பின்காலனிய நோக்கிலும் பார்க்கும்போது..." என்று தொடங்கி, கேட்பவர் படித்த நூல்களின் பட்டியலெல்லாம் வந்து, கடைசியில் "இதை ஏற்றுக்கொள்கிறீர்களா?" என்று முடியும். ஆசிரியர் "ஆமாம்" என்பார். வேறென்ன சொல்வார்? நம் தொழிலில் இருப்பவர்கள்தான் இதை அதிகம் செய்கிறோம் என்பதைச் சங்கத்து ஏட்டில் எழுதினால் சண்டைக்கு வரமாட்டீர்களே?

ஏவல் வினாவும் நமக்குப் பிடித்தது. "அடுத்த நாவல்ல நம்ம பிள்ளைங்களுக்கு ஒரு நல்ல வழியைக் காட்டலாமே?" வடிவம் வினா, உள்ளே இருப்பது கட்டளை. எழுதிய நூலை விட்டுவிட்டு எழுதாத நூலுக்கு விண்ணப்பம் போடுகிறது. கொளல் வினா நேர்மையானது: "பள்ளி நூலகத்துக்கு 10 படி எடுத்தா கழிவு உண்டா?" இதைக் கேட்டால் கடைக்காரர் முகம் மலரும். தாராளமாகக் கேளுங்கள்.

கொடை வினாவைக் கடைச் சந்திப்பில்தான் கேட்க முடியும். கொடுப்பதற்காகக் கேட்பது அது. சயாம் மரண ரயிலைப் பற்றிய நூல் ஒன்று பேசப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். 1942-க்கும் 1943-க்கும் இடையில் ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் பாதை. மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர் பல்லாயிரவர் திரும்பவில்லை. பின்வரிசையில் ஒரு பாட்டி கையைத் தூக்கி, "அங்க போயிட்டு வந்தவங்க கொண்டாந்த சாமான் ஏதும் நீங்க பாத்திருக்கீங்களா தம்பி? எங்கப்பா கொண்டாந்த தகரக் குவளை எங்கிட்ட இருக்கு" என்று கேட்டால், அதற்கு ஈடாக எந்த ஆய்வுரையைச் சொல்வீர்கள்? மண்டபத்தில் அந்தப் பாட்டிக்கு ஒலிவாங்கி வந்து சேராது.

அறியா வினாவுக்குத் துணிச்சல் வேண்டும். "எனக்குத் தெரியாது" என்று நாலு பேர் முன் ஒத்துக்கொள்வது. மாணவர்களிடம் இது இயல்பாகவே இருக்கிறது. நாம்தான் "உருப்படியான கேள்வியா கேளு" என்று சொல்லிச் சொல்லி அதைக் கொன்றுவிடுகிறோம். "லயம்னா என்ன, ஏன் எல்லா வீடும் ஒட்டி ஒட்டி இருந்துச்சு?" என்று ஒரு படிவம் 4 மாணவி கேட்டால் சிரிக்காதீர்கள். அடுக்குமாடியில் பிறந்த பிள்ளைக்கு அது தெரியாதுதான். அந்தக் கேள்விக்கு வரும் விடையில் தோட்ட நிர்வாகம், கண்காணிப்பு, கூலி, தண்ணீர்க் குழாய் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். நாவலில் ஒரு வீட்டுச் சண்டை பக்கத்து வீட்டுக்கு ஏன் உடனே கேட்கிறது என்பதும் அப்போதுதான் புரியும்.

தேர்வு எழுதப்போகிறவர்கள் விடாமல் பழக வேண்டியது ஐய வினா. இதுவா அதுவா என்று கேட்பது. நல்ல திறனாய்வுக் கட்டுரை ஒவ்வொன்றின் அடியிலும் ஓர் ஐய வினா ஒளிந்திருக்கிறது. அதன் சிறப்பு என்னவென்றால், நூலைப் படிக்காமல் அதைக் கேட்கவே முடியாது. "இந்த நாவலின் கருப்பொருள் என்ன?" என்று யாரும் கேட்டுவிடலாம், அட்டையைப் பார்த்தே. ஆனால் "கடைசி அத்தியாயத்தில் மகள் வீட்டை விட்டுப் போகிறாள், அவளாகப் போகிறாளா, அவர்கள் போக வைக்கிறார்களா? அம்மா முதல் நாளே பையை எடுத்து வெளியே வைத்துவிட்டாள் என்று முந்தைய அத்தியாயத்தில் இருக்கிறதே" என்று கேட்க வேண்டுமானால் இரண்டு அத்தியாயத்தையும் சேர்த்துப் படித்திருக்க வேண்டும். (நாவல் என் கற்பனைதான், தேடாதீர்கள்.) இரண்டு பக்கமும் சான்று இருந்தால்தான் அது ஐயம். ஒரு பக்கம் மட்டும் சான்று இருந்தால் ஐயமே இல்லை. சான்றே இல்லையென்றால் அது வெறும் ஊகம்.

கொஞ்சம் பயிற்சி செய்வோமா? சயாம் மரண ரயிலைப் பற்றி நம் நாட்டில் எழுதப்பட்ட நாவல்களில் இரண்டின் பெயரையாவது நீங்கள் அறிந்திருக்க வேண்டும்: ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்'. இரண்டும் ஒரே கொடுமையைத் தொடுகின்றன. ஒன்றைப் படித்துவிட்டு, "இந்நாவல் நம் முன்னோரின் துயரத்தை நெஞ்சுருகச் சித்திரிக்கிறது" என்று எழுதினால் அது வாழ்த்துரை. இரண்டையும் படித்து, ஒரே பக்கத்தில் இரண்டு பத்தி போட்டு, முகாமில் ஒரு நாள் எப்படிப் போகிறது, சாவு எப்படிச் சொல்லப்படுகிறது, திரும்பி வந்தவன் என்ன பேசுகிறான், வரலாற்றுச் செய்தி எங்கே கதைக்குள் கரைகிறது, எங்கே கரையாமல் கட்டியாக நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஐய வினாவாக ஆக்குங்கள். வரலாற்றைக் காப்பாற்றுவதற்காக ஆசிரியர் கதையை விட்டுக்கொடுக்கிறாரா, கதைக்காக வரலாற்றைச் சுருக்குகிறாரா? பக்க எண்ணைப் பக்கத்தில் எழுதுங்கள். அந்தக் கேள்விக்கு நீங்களே எழுதும் விடை, தேர்வில் உங்கள் கட்டுரையின் நடுப்பகுதி.

விடைகளையும் விட்டுவிடக்கூடாது. பவணந்தியார் சொல்லும் எட்டில் சுட்டு, மறை, நேர் மூன்றும் நேரடியானவை. மற்ற ஐந்தும் விடையைக் குறிப்பால் தருபவை. எழுத்தாளர்கள் இந்த ஐந்தில் கைதேர்ந்தவர்கள். "இந்தப் பாத்திரம் உங்கள் அம்மாவா?" என்று கேட்டால் "ஆமாம்" என்றோ "இல்லை" என்றோ எத்தனை பேர் சொல்வார்கள்? "எங்க அம்மா காலையில 4 மணிக்குப் பால்மரம் சீவப் போவாங்க" என்பார் ஒருவர். அது உற்றது உரைத்தல். "சொன்னா வீட்டுல சண்டை வரும்" என்பார் இன்னொருவர், உறுவது கூறல். "யாருடைய அம்மாதான் இதில் இல்லை?" என்றால் வினா எதிர் வினாதல். "நீங்களே படித்துக் கண்டுபிடியுங்கள்" என்பது ஏவல். "அப்பாவைப் பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன்" என்று திருப்பிவிட்டால் இனமொழி. எந்தக் கேள்விக்கு ஆசிரியர் நேரே விடை சொல்கிறார், எந்தக் கேள்விக்குச் சுற்றிப் போகிறார் என்று குறித்துக்கொண்டே வந்தால், நூலில் அவர் எங்கே தயங்கியிருக்கிறார் என்பதும் ஓரளவு பிடிபடும். ஆனால் ஆசிரியர் சொல்லிவிட்டார் என்பதற்காக அதைத் தேர்வுத்தாளில் தீர்ப்பாக எழுதிவிடாதீர்கள். "நான் பெண் விடுதலைக்காக எழுதினேன்" என்று அவர் சொல்லலாம். நூலில் பெண்கள் வாயைத் திறக்கிறார்களா என்று பார்க்க வேண்டியது நம் வேலை. நூல் ஒன்று சொல்லி ஆசிரியர் வேறொன்று சொன்னால், நூல் பக்கம் நில்லுங்கள்.

இந்த இடத்தில் நன்னூலின் இன்னொரு சட்டம் நினைவுக்கு வருகிறது. தன்னைத்தானே புகழ்வது தகாது என்று சொல்லும் அதே பாயிரம், நான்கு இடங்களில் மட்டும் அதற்கு விலக்குத் தருகிறது: அரசவைக்கு ஓலை எழுதும்போது, தன் ஆற்றலை அறியாதவரிடம், அவையில் வாதம் வெல்லும்போது, எதிரி பழிக்கும்போது. பிறர் புகழ்வதற்குப் பாயிரத்தில் முறையான இடமும் உண்டு. ஆக, ஏற்புரையில் ஆசிரியர் அடக்கமாக இருப்பதும், மற்றவர் நாலு நல்ல வார்த்தை சொல்வதும் மரபுக்கு விரோதமில்லை. ஆனால் அந்தப் பாயிரம் எதையெல்லாம் கேட்கிறது பாருங்கள்: ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன். எட்டில் ஒன்றுதான் ஆசிரியர் பெயர். மற்ற ஏழும் நூலைப் பற்றியவை. நம் வாழ்த்துரையாளர்கள் முதலாவதை மட்டும் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் பேசிவிடுகிறார்கள். அடுத்த முறை உங்களை வாழ்த்துரைக்கு அழைத்தால் இந்த எட்டையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் தயார் செய்துகொண்டு போங்கள். எட்டு வாக்கியம், ஐந்து நிமிடம். டத்தோவுக்கும் நேரம் மிச்சம்.

செய்வதற்குச் சில வேலைகள் இருக்கின்றன, பெரிய செலவில்லாதவை. உங்கள் ஊரில் ஒரு சிறு புத்தகக் கடை இருந்தால், அது தமிழ்க் கடையாக இல்லாவிட்டாலும், கடைக்காரரிடம் போய் ஒரு சனிக்கிழமை மாலை தமிழ் நூல் ஒன்றுக்கு இடம் தருவீர்களா என்று கேளுங்கள். பெரும்பாலும் தருவார்கள், கூட்டம் நூல் வாங்கினால் போதும் என்பார்கள். கடை இல்லாத ஊரில் பள்ளி நூலகம் போதும். ஆசிரியரை அழைப்பதற்கு ஒரு மாதம் முன்பே நூலை வாங்கிவிடுங்கள். மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு படி முடியாவிட்டால் நால்வருக்கு ஒன்று. சந்திப்புக்கு வரும் மாணவர் எல்லோரும் ஒரு கேள்வியை, பக்க எண்ணோடு, தாளில் எழுதிக் கொண்டுவரட்டும். பக்க எண் இல்லாத கேள்விக்கு ஒலிவாங்கி இல்லை என்று கறாராகச் சொல்லிவிடுங்கள். ஆசிரியர்களுக்கும் அதே சட்டம்தான்.

மண்டப விழாவையும் கைவிட வேண்டாம். அதில் ஓர் இடமாற்றம் செய்து பார்க்கலாம். நூலாய்வை டத்தோ வருவதற்கு முன்னால், இறைவாழ்த்து முடிந்த கையோடு வைத்துவிடுங்கள். எப்படியும் அவர் முக்கால் மணி நேரம் தாமதமாகத்தான் வருவார். அந்த முக்கால் மணி நேரம் முழுக்க நூலுக்குத்தான். காத்திருக்கும் கூட்டத்துக்கும் பொழுது போகும், ஆய்வாளரின் எட்டுப் பக்கமும் முழுதாக வாசிக்கப்படும்.